பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? எரிபொருள் மிச்சமாகும் தொழில் வண்டியைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

பழைய வேன் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் விற்பவரிடம் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்றுதான். அவரும் ஒரு எண்ணைச் சொல்வார். அது வண்டி புதிதாக இருந்தபோது, காலியாக, நெடுஞ்சாலையில் ஓடிக் கிடைத்த எண்ணாக இருக்கலாம். யாரோ சொல்லக் கேட்டதாகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த வேனின் மைலேஜை மாடல் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே வருடம், ஒரே இன்ஜின் என்று எல்லாம் ஒன்றாக இருந்தும், ஒரு வேன் மற்றதைவிட கால்வாசி குறைவாகத் தருவது உண்டு. வண்டியை எப்படிப் பராமரித்தார்கள், அது என்ன வேலைக்கு ஓடியது, இனி உங்களிடம் என்ன வேலைக்கு ஓடப்போகிறது என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது.

அதனால் இங்கே மாடல் பட்டியல் கிடையாது. எந்த வேனாக இருந்தாலும் அது உங்கள் வேலைக்குச் சிக்கனமாக ஓடுமா, அந்தச் சிக்கனத்தை ரிப்பேர் செலவு விழுங்கிவிடுமா என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

1. உங்கள் வேலையை எழுதி வையுங்கள்

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம், ஒரு ஓட்டம் எவ்வளவு நீளம், நகருக்குள் எவ்வளவு, வெளிச்சாலையில் எவ்வளவு, சாமான் எவ்வளவு எடை, எத்தனை முறை நிறுத்தி எடுக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம்தான் பின்னால் வரும் எல்லா முடிவுகளையும் தீர்மானிக்கும்: ஒரு ஓட்டத்தின் நீளம், நீங்கள் ஏற்றும் அதிகபட்ச எடை.

எடையைக் குத்துமதிப்பாக விடாதீர்கள். வேனின் கதவுத் தூணிலோ இன்ஜின் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் தாங்கும் சுமை. உதாரணமாக மொத்த எடை 2,800 கிலோ, காலி எடை 1,850 கிலோ என்றால் மீதி 950. ஓட்டுநர், உதவியாளர் இருவருக்கும் 150 போகட்டும். உள்ளே அடிக்கும் அலமாரிக்கு 120, தினமும் கூடவே வரும் கருவிகளுக்கு 200. சாமானுக்கு மிஞ்சுவது 480 கிலோதான். "ஒரு டன் வண்டி" என்று சொல்லி விற்கப்படும் வேனில் அரை டன் ஏற்றும்போதே எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

அதற்காக ஒரு அளவு பெரிதாகவே எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வருடத்தில் நாலு நாள் வரும் பெரிய சுமைக்காக, மற்ற நாளெல்லாம் கூடுதல் இரும்பைச் சுமந்து ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நாலு நாளைக்கு வாடகை வண்டி எடுத்துக்கொள்வது பல தொழில்களில் மலிவு. ஆனால் தினமும் எல்லை வரை ஏற்றுகிறவர் சின்ன இன்ஜின் வேன் எடுத்தால், அது எந்நேரமும் திணறிக்கொண்டு ஓடி, பெரிய வண்டி குடிப்பதைவிட அதிகமாகவே குடிக்கும். உங்கள் சாதாரண நாளுக்குச் சரியாகப் பொருந்தும் அளவுதான் சிக்கனமான அளவு.

இடத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்றும் மிக நீளமான பொருள், பின்சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள அகலம், கதவு திறக்கும் உயரம். இந்த மூன்றும் தெரிந்தாலே பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

2. லிட்டர் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கிலோமீட்டர்/லிட்டர் என்ற எண் நம்மை எளிதில் ஏமாற்றும். வருடம் 20,000 கி.மீ. ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 8 தரும் வேனுக்கு 2,500 லிட்டர் வேண்டும். 10 தரும் வேனுக்கு 2,000 லிட்டர் போதும். இரண்டு கிலோமீட்டர் கூடியதில் 500 லிட்டர் மிச்சம். அதே இரண்டு கிலோமீட்டர் 16-லிருந்து 18-க்குக் கூடினால்? 1,250 லிட்டர் 1,111 ஆகிறது. மிச்சம் 139 லிட்டர்தான்.

ஆக, ஏற்கெனவே நன்றாகத் தரும் இரண்டு வேன்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் மைலேஜுக்காக அதிக விலை கொடுப்பதில் பெரிய லாபம் கிடையாது. மோசமாகக் குடிக்கும் வண்டியைத் தவிர்ப்பதில்தான் உண்மையான மிச்சம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வேனுக்கும் உங்கள் வருட ஓட்டத்தை அதன் மைலேஜால் வகுத்து, எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். இரண்டு வேன்களின் வித்தியாசத்தை உங்கள் ஊர் எரிபொருள் விலையால் பெருக்குங்கள். அந்தத் தொகையை அந்த மாடலின் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்), ஒரு செட் இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகம்), கிளட்ச் ஆகியவற்றின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய ரிப்பேர் மூன்று வருட எரிபொருள் மிச்சத்தைக் கொண்டுபோய்விடும் என்றால், அந்த மைலேஜ் உங்களுக்கு வருமானமே இல்லை. பழைய வண்டியில் எளிமையான இன்ஜினும், எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகங்களும் மைலேஜுக்குச் சமமான மதிப்புள்ளவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

3. டீசலா, பெட்ரோலா

ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் அதிகம். டீசல் இன்ஜினின் அமுக்க விகிதமும், அதாவது எரிக்கும் முன் காற்றை அழுத்தும் அளவும், அதிகம். பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றை நெருக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. அதனால் குறைந்த சுமையிலும், நின்றபடி ஓடும்போதும் டீசல் குறைவாகவே குடிக்கும். எடை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓடும் வேனுக்கு டீசலே பொருத்தம் என்பதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் குறுகிய ஓட்டத்தில்தான். ஐரோப்பாவில் 2009 முதல் படிப்படியாக வந்த யூரோ 5 விதிகளுக்குப் பிறகு டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற கரிப்புகை வடிகட்டி கிட்டத்தட்டக் கட்டாயம் ஆனது. மற்ற நாடுகளிலும் முன்பின்னாக அது வந்துவிட்டது. இந்த வடிகட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அதை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி நாலு கிலோமீட்டர் போகும் வேலைக்கு இது ஒத்துவராது. எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுபோகும். ஒவ்வொரு முயற்சிக்கும் கூடுதல் டீசல் செலவாகும். எரியாத டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு இழுவை குறைந்துவிடும்.

ஆகவே உங்கள் குறிப்பில் பெரும்பாலான ஓட்டங்கள் பத்து கிலோமீட்டருக்குள் முடிகின்றனவா? சுமையும் குறைவா? அப்படியானால் சின்ன பெட்ரோல் வேன் எடுங்கள். லிட்டர் கணக்கில் கொஞ்சம் தோற்றாலும் மொத்தச் செலவில் ஜெயிக்கும். வாரத்தில் சில நாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து வெளிச்சாலையில் ஓடும் வேலை என்றால் டீசலைத் தயங்காமல் பார்க்கலாம். வடிகட்டி வருவதற்கு முந்தைய பழைய டீசல்கள் இந்த வம்பு இல்லாதவை. ஆனால் பல நகரங்கள் அவற்றை உள்ளே விடுவதில்லை, அல்லது கட்டணம் வசூலிக்கின்றன. நீங்கள் வேலைக்குப் போகும் இடங்களின் விதியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எரிவாயுவில் ஓடும் பழைய வேன் என்றால் சிலிண்டரின் சோதனைத் தேதி தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலிண்டரின் எடையும் உங்கள் சுமைக் கணக்கில் கழியும். பழைய மின்சார வேனில் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொள்ளளவை அளந்து எழுத்தில் கொடுத்தால் மட்டும் பேசுங்கள்.

4. வேனின் உருவம்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100-ல் காற்று சுமார் 1.56 மடங்கு அதிகமாகத் தள்ளும். உயரக் கூரை வேனில் முன்பக்கப் பரப்பு அதிகம் என்பதால் இது இன்னும் உறைக்கும். உள்ளே நிமிர்ந்து நின்று வேலை செய்ய வேண்டியவருக்கு உயரக் கூரை அவசியம்தான். சும்மா பெட்டி ஏற்றுகிறவருக்குத் தாழ்ந்த கூரை போதும். நகருக்குள் மட்டும் ஓடுகிறவர் உருவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அங்கே எடையும் நிறுத்தி எடுப்பதும்தான் எரிபொருளைத் தின்னும்.

கூரை மேல் ஏணிச் சட்டம் பொருத்திய வேன் வந்தால், அதைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

இன்னொன்று: உங்கள் பகுதியில் வேலைக்கு அதிகம் ஓடும் மாடல்கள் எவை என்று கவனியுங்கள். தெருவில் நிறைய ஓடும் மாடலுக்குத்தான் பாகங்கள் கிடைக்கும், அதன் நோயும் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமாக இருக்கும்.

5. காகிதங்களும் மீட்டரும்

வண்டியைத் தொடும் முன் காகிதம். சேசிஸ் எண் 17 எழுத்தும் எண்களும் கலந்தது. 1981 வாக்கில் இருந்து இந்த முறை நிலைபெற்றது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. காகிதத்தில் உள்ள எண், தகட்டில் உள்ள எண், சேசிஸில் பொறித்த எண் மூன்றும் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. பொறித்த இடத்தைச் சுற்றி அரம் வைத்துத் தேய்த்த தடமோ புது பெயின்டோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கடன் பாக்கி இல்லை என்பதற்கும் ஆதாரம் கேளுங்கள்.

மீட்டரைச் சுற்றிக் குறைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டர் எண்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். எங்காவது எண் பின்னால் போகிறதா? வண்டியே சாட்சி சொல்லும் இடங்களும் உண்டு. கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கில் கை படும் இடம், கியர் நாப். முக்கியமாக ஓட்டுநர் சீட்டின் கதவோர விளிம்பு. டெலிவரி வேனில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குவார்கள். அந்த விளிம்பு நசுங்கித் துணி கிழிந்திருக்கும். மீட்டர் 70,000 காட்டி, சீட் விளிம்பில் ஸ்பாஞ்ச் தெரிந்தால் இரண்டும் பொருந்தவில்லை.

அதே சமயம் மீட்டர் எண்ணைக் கண்டு மட்டும் பயப்படவும் வேண்டாம். ஒழுங்காக ஆயில் மாற்றி, நெடுஞ்சாலையில் 2 லட்சம் ஓடிய வேன், தெருவுக்குத் தெரு நின்று 90,000 ஓடிய வேனைவிட ஆரோக்கியமாக இருக்கும். நின்றபடி ஓடிய மணி நேரம் கிலோமீட்டரில் சேராது, தேய்மானத்தில் சேரும். எனக்கு முக்கியம் ஆயில் மாற்றிய ரசீதுகள்தான். அவை தொடர்ச்சியாக இருந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

6. ஆறிய இன்ஜினைப் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். வண்டியின் உண்மை இங்கேதான் தெரியும். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம். அளவு குறைந்திருந்தால் ஆயில் குடிக்கிறது அல்லது ஒழுகுகிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், வடிகட்டியைச் சுத்தம் செய்யும் முயற்சிகள் பாதியில் நின்று டீசல் ஆயிலில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இன்ஜின் நீர்த்த ஆயிலில் ஓடியிருக்கிறது.

ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை மாதிரி படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் (ஆயிலும் கூலன்டும் கலக்காமல் காக்கும் தகடு) போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். குறுகிய ஓட்ட வண்டிகளில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியிலும் எண்ணெய் மிதக்கிறது என்றால்தான் ஆபத்து.

இப்போது சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏர்பேக், பிரேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் அதை யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்தபின் எல்லாம் அணைய வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் வெண்புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை தள்ளினால் டீசல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று குறைவாகக் கிடைக்கிறது. இதில் உங்கள் பணமே நேராகப் புகையாகப் போகிறது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் துளை மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. குதித்து விழுந்தாலோ, துளையிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தாலோ பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டி வரும். சில இன்ஜின்களில் மூடியைத் திறந்தால் ஆயில் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

கடைசியாகப் புகைக்குழாயின் உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் உள்ள டீசலில் உட்புறம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். துணி கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது கழற்றி எறிந்துவிட்டார்கள். புகைச் சோதனையில் அந்த வண்டி உங்கள் தலையில் விழும்.

7. ஸ்கேனரில் என்ன பார்ப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்; வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறுகளை அதில் படிக்கலாம். மலிவான ரீடர் ஒன்றை வாங்கி போனோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு மேல் பார்க்கப் போகிறவருக்கு அது தண்டச் செலவு ஆகாது. பதிவான கோளாறுகளை மட்டும் பார்த்தால் போதாது. சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், நீங்கள் வரும் முன் கோளாறுகளை யாரோ அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூலன்ட் வெப்பத்தைத் திரையில் வைத்துக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்கள் 80 முதல் 100 டிகிரிக்குள் நிலைக்கும். கால் மணி நேரம் ஓடியும் 65, 70-ஐத் தாண்டவில்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஆறியே ஓடுவதால் கம்ப்யூட்டர் அதிக எரிபொருளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேலையும் நடக்காது. பல வண்டிகளில் இதற்குத் தேவையானது ஒரு மலிவான பாகமும் கொஞ்ச நேர வேலையும்தான்.

மைலேஜ் குறைந்த வேன் எல்லாம் கெட்ட வேன் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். தெர்மோஸ்டாட், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்றில்லாத டயர், அலைன்மென்ட், டர்போ குழாயில் விரிசல், பெட்ரோலில் ஆக்சிஜன் சென்சார்: இவையெல்லாம் சின்னச் செலவில் தீர்ந்துவிடும். இன்ஜெக்டர், அமுக்கக் குறைவு, டர்போ, அடைத்த வடிகட்டி ஆகியவை பெரிய செலவு. முதல் வகைக் கோளாறால் மைலேஜ் குறைந்த வேன் கிடைத்தால் அது நல்ல வாய்ப்பு. விற்பவர் அது வண்டியின் குணம் என்று நினைத்து விலையைக் குறைத்திருப்பார்.

8. அடியிலும் பக்கத்திலும்

பழைய வேனைக் கொல்வது பெரும்பாலும் துருதான். இன்ஜினை மாற்றலாம், அரித்துப்போன சேசிஸை மாற்ற முடியாது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்கடியில் உள்ள பெட்டிச் சட்டம், சக்கர வளைவு, பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடம், ஸ்லைடிங் கதவின் கீழ்த்தண்டவாளம், கூரைத் தையல். ஸ்குரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, மொத்தென்று கேட்டால் துரு அல்லது பட்டி. அடிப்பாகம் முழுக்க அப்போதுதான் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுக்க வேண்டாம். சாமான் அறையின் தரைப் பலகையை ஒரு மூலையிலாவது தூக்கிப் பாருங்கள்.

பின்பக்கம் பட்டைச் சுருள் தட்டையாகப் படுத்திருந்தால் வண்டி வருடக்கணக்கில் ஓவர்லோடில் ஓடியிருக்கிறது. அதன் கிளட்ச், பிரேக், பேரிங் எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருடப் பழைய டயரில் சுமை ஏற்றக் கூடாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக உருள்கிறது. அது டயரையும் தின்னும், எரிபொருளையும் தின்னும்.

9. ஓட்டிப் பார்ப்பது

தெருமுனை வரை போய்த் திரும்புவதெல்லாம் ஓட்டிப் பார்த்ததாகாது. குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். முடிந்தால் கொஞ்சம் சுமையோடு, ஒரு ஏற்றம் வரும் பாதையில் ஓட்டுங்கள்.

மேல் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டீசலில் சாவியை அணைக்கும்போது கடகடவென்ற சத்தம் வந்தால் கிளட்ச்சோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலும் போயிருக்கலாம். கிளட்ச் தகட்டோடு அதையும் மாற்றினால் செலவு பல மடங்கு. ஏற்றத்தில் இழுவை திடீரென்று செத்துப்போனால் டர்போவோ அதன் குழாயோ.

பிரேக் பிடிக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். விடுகிறதா என்று பார்ப்பவர் குறைவு. மைலேஜுக்கு அதுதான் முக்கியம். சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், மெதுவாகப் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருள விடுங்கள். நல்ல வேன் தயங்காமல் உருளும். சட்டென்று சோர்ந்து நின்றால் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஜோடிச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் வேறுபடுவது இயல்பு.

10. மைலேஜை அளப்பது

டேஷ்போர்டில் வரும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நம்பத் தகுந்தது ஃபுல் டேங்க் முறைதான். பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை எண் வரும். ஒரு முறையில் பிழை இருக்கும். மூன்று நாலு டேங்க் சேர்த்துக் கணக்கிட்டால்தான் சரியாக நிற்கும்.

வாங்கும் முன் இதற்கு விற்பவர்கள் பொதுவாக இடம் தரமாட்டார்கள். தெரிந்தவர் விற்கும் வண்டி என்றால், சில நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் வேலையிலேயே ஓட்டிப் பாருங்கள். வாடகை போனாலும் அதில் கிடைக்கும் விவரம் வேறெங்கும் கிடைக்காது.

11. மெக்கானிக், பேரம், முதல் சர்வீஸ்

இதுவரை தேறிய வண்டியை, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். டீசல் என்றால் அமுக்கச் சோதனை, இன்ஜெக்டர்களிலிருந்து எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று பார்க்கும் சோதனை இரண்டையும் கேளுங்கள். டீசலில் அமுக்கம் பொதுவாக 20 முதல் 30 பார் (அழுத்தத்தின் அளவு) வரை இருக்கும், பெட்ரோலில் அதில் பாதிதான். எண்ணைவிட சிலிண்டர்கள் சமமாக இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் விலகிவிடுங்கள்.

பேரத்தில் பொதுவாக "குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் கொஞ்சம்தான் இறங்கும். தேய்ந்த டயர் இரண்டு, தெர்மோஸ்டாட், பின் பிரேக் என்று மெக்கானிக் எழுதிய மதிப்பீட்டைக் காட்டிப் பேசினால் நியாயமாக இறங்கும். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருட வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

வாங்கியதும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், காற்று ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன தர எண் உள்ள ஆயில்தான் போட வேண்டும். வடிகட்டி உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை, வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை என்றால் அது மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் சுமார் 1 லட்சம் கி.மீ. அல்லது சில வருடங்கள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசல்களில் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். தண்ணீர் பம்ப்பை அந்த பெல்ட்டே சுற்றுகிறது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

12. ஓட ஆரம்பித்த பிறகு

டயர் காற்றைச் சுமைக்கு ஏற்றபடி வையுங்கள். கதவுத் தூணில் காலிக்கு ஒரு அளவு, முழுச் சுமைக்கு ஒரு அளவு என்று இரண்டு போட்டிருக்கும். வேன் ஓட்டுகிறவர்களில் பலர் பார்ப்பது ஒன்றைத்தான். வாரம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள்.

மாதம் ஒருமுறை வண்டியை முழுக்கக் காலி செய்து, தேவையானதை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். உடைந்த பம்ப், மிச்சமான டைல்ஸ், எப்போதோ தேவைப்படும் கனமான கருவி என்று நூறு கிலோ சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். சாமான் இறக்கும்போது இன்ஜினை அணைத்து விடுங்கள். நின்றபடி ஓடும் வேன் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் ஒரு மணி நேரம் இப்படிப் போனால் வருடத்தில் சில டேங்க் காணாமல் போகும்.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் தேதி, மீட்டர், லிட்டர் மூன்றையும் குறித்து வையுங்கள். பழைய வண்டியின் கோளாறு விளக்கு எரிவதற்கு முன்பே இந்தக் குறிப்பில் தெரிந்துவிடும். வேலை மாறாமல் இரண்டு டேங்க் தொடர்ந்து மைலேஜ் பத்து சதவீதம் இறங்கினால் முதலில் டயர் காற்று, அடுத்து சக்கரச் சூடு, அதற்கடுத்து கூலன்ட் வெப்பம் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியிலிருந்து இறங்கியது என்று தெரிந்தால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.